10 மீட்டர் காகித இலக்குக்கு ஏர் ரைஃபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கருவட்டம் கேட்டது:

வணக்கம். 10 மீட்டரில் நின்றபடி காகித இலக்கில் சுட மட்டும் ஒரு 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் வேண்டும். வேறு எந்தப் பயன்பாடும் இல்லை.

இப்போது கையில் இருப்பது ஸ்பிரிங்கில் இயங்கும் பிரேக் பேரல் (பேரலை, அதாவது குழலை, மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை). பெட்டியில் "வினாடிக்கு 300 மீட்டருக்கு மேல்" என்று அச்சிட்டிருக்கிறது. மேலே 4 மடங்கு ஸ்கோப். மேசையில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டாலும் ஐந்து குண்டுகள் 25 மி.மீ.க்குள் அடங்க மறுக்கின்றன. ஒரு நாள் மேலே, மறுநாள் இடப்பக்கம்.

கேள்விகள்: இதைவிட வேகமான ரைஃபிள் வாங்கினால் குரூப் (குண்டுகள் விழும் கூட்டத்தின் அகலம்) சுருங்குமா? ஸ்பிரிங், ஒற்றை அழுத்து (ஒவ்வொரு குண்டுக்கும் நெம்பை ஒரு முறை அழுத்திக் காற்றடைப்பது), பிசிபி (முன்கூட்டியே சிலிண்டரில் நிரப்பிய காற்றில் இயங்குவது) மூன்றில் எது? "10 மீட்டரில் 5 மி.மீ. குரூப்" என்று விளம்பரத்தில் வருவதை எந்த அளவுக்கு நம்பலாம்?

---

விசைவிரல்:

வேகக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம்: சுருங்காது. பெரும்பாலும் இன்னும் விரியும்.

சர்வதேச 10 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு 0.5 மி.மீ.தான். அடுத்தடுத்த வளையம் ஒவ்வொன்றும் 2.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து எத்தனை மி.மீ. விலகியதோ அதை 2.5-ஆல் வகுத்து, 11-இலிருந்து கழித்தால் உங்கள் புள்ளி வந்துவிடும் (உச்சம் 10.9). உங்கள் 25 மி.மீ. குரூப் நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தாலும், ஓரத்துக் குண்டு 12.5 மி.மீ. தள்ளி விழும், அதாவது 6.0. நல்ல மேட்ச் ரைஃபிளை (போட்டிக்கென்றே செய்தது) பிடிப்பானில் பூட்டி, ஒத்துப்போகும் பெல்லட்டை (ஏர் ரைஃபிள் குண்டு) போட்டால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும். அந்த ரைஃபிள்கள் 0.53 கிராம் பெல்லட்டை வினாடிக்கு 170 மீட்டர் சுமாரில்தான் அனுப்புகின்றன. ஆற்றல் 7.5 ஜூல் பக்கம். காகிதத்தைத் துளைக்க அதற்கு மேல் எதற்கு?

பெட்டியில் போடும் 300 பெரும்பாலும் எடை குறைந்த உலோகக் கலவைப் பெல்லட்டில் அளந்தது. ஒலியின் வேகம் 340 பக்கம். அதை நெருங்கும்போது பெல்லட்டின் பறப்பு தடுமாறுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை ரைஃபிளுக்குள்ளேயே இருக்கிறது. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைஃபிள் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் காற்றுமெத்தையில் மோதி நிற்கும்போது ரைஃபிள் முன்னால் துள்ளுகிறது. பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள் ரைஃபிள் நகரத் தொடங்கிவிட்டிருக்கும். எந்தத் திசையில் எவ்வளவு நகரும் என்பது நீங்கள் பிடித்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. பிடி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். ஸ்பிரிங் வலுக்க வலுக்க இது கூடும்.

புதியது வாங்கும் முன் இருப்பதில் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

மணல் மூட்டையில் ரைஃபிளை நேராக வைக்காதீர்கள். மூட்டைமேல் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன்மேல் முன்கட்டை சும்மா கிடக்கட்டும். விரல்கள் இறுக்க வேண்டாம். தோளிலும் மென்மையாக. முன்கட்டையில் கை படும் இடத்தை ஒரு டேப் துண்டு ஒட்டிக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். 2 செ.மீ. முன்னே பின்னே போனாலே குரூப் இடம் பெயர்வதைப் பார்ப்பீர்கள்.

முன்கட்டையின் இரு பக்கத் திருகு, விசைக் காப்பு வளையத்தின் திருகு, ஸ்கோப் மவுண்ட் திருகு எல்லாவற்றையும் சோதியுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் இவை தானாகத் தளரும். மென்மையான திருகுப்பசை ஒரு சொட்டு போதும். குண்டுகள் ஒரே கூட்டமாக இல்லாமல் இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தால் தளர்ந்த திருகையோ பழுதான ஸ்கோப்பையோ முதலில் சந்தேகியுங்கள்.

ரைஃபிளை வில்லேற்றாமல் (ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டாமல்), குண்டு போடாமல், பேரலின் நுனியைப் பிடித்து இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் கீல் போல்ட்டை இறுக்க வேண்டும். பிரேக் பேரலில் ஸ்கோப் ஒரு துண்டில், பேரல் இன்னொரு துண்டில் என்பதை மறக்கக் கூடாது.

ஸ்கோப்: சாதாரண ஸ்கோப்பில் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறிக்கோடும் இலக்கின்மேல் நகர்வது, 100 கெஜத்தில் இல்லாதபடி அமைந்திருக்கும். அப்படிப்பட்ட 4 மடங்கு ஸ்கோப்பில், 10 மீட்டரில், கண் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் குண்டு சுமார் 3.5 மி.மீ. விலகும். ஒரு வளையத்துக்கும் மேல் அங்கேயே போயிற்று. "ஒரு நாள் மேலே, மறுநாள் இடப்பக்கம்" என்பதற்கு இதுவே போதுமான காரணம். 10 மீட்டர்வரை பாரலாக்ஸ் சரிசெய்யக்கூடிய, ஸ்பிரிங்கின் இருபக்க உதையைத் தாங்கும் என்று குறிப்பிட்ட ஸ்கோப்தான் இதற்கு வேண்டும்.

இவ்வளவும் சரியானால் 25 என்பது 12-க்கு வரலாம். நின்று சுடும் போட்டிப் பயிற்சிக்கு அதுவும் போதாது. ஆகவே வேறு ரைஃபிள் வாங்கும் உங்கள் எண்ணம் சரிதான். தேர்வு செய்யும் அளவுகோலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

---

ஈயத்தட்டை:

ரைஃபிளுக்கு முன் பெல்லட். 10 மீட்டருக்குத் தட்டைத் தலைப் பெல்லட், அதாவது வாட்கட்டர். காகிதத்தில் சுத்தமான வட்டம் வெட்டும். புள்ளி அளக்கச் சண்டை வராது. 25 மீட்டருக்கு அப்பால் இது தள்ளாடும், அங்கே உருண்டைத் தலைதான். கூர்முனைப் பெல்லட்டை இலக்குக்கு வாங்கவே வேண்டாம். முனை நடுவில் அமையாததால் சுழலும்போது ஆடும்.

மேட்ச் பெல்லட் டப்பாவில் தலையின் விட்டம் 4.48, 4.49, 4.50, 4.51 என்று 0.01 மி.மீ. கணக்கில் அச்சிட்டிருக்கும். எது உங்கள் பேரலுக்கு ஒத்துப்போகும் என்பதைப் பேரல்தான் சொல்லும். ஒரே எடையில் மூன்று தலையளவு வாங்கிச் சோதியுங்கள். பெல்லட் மாற்றியதும் முதல் 15–20 குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேரலின் உட்புறம் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். பிடித்த அளவு கிடைத்ததும் அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த தொகுதி அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டக் கூடாது. பெல்லட்டின் பின்புறம் விரிந்திருக்கும் பாவாடைப் பகுதி மெல்லிய ஈயம், நசுங்கும். கண்ணாடித் தகட்டில் உருட்டினால் நசுங்கியது கோணலாக ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும். பத்தில் ஒன்று மட்டும் காரணமே இல்லாமல் தனியாகப் பறந்தால் அநேகமாக இதுதான்.

ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பின்தடுப்புப் பெட்டி பெல்லட்டைப் பிடித்து வைக்க வேண்டும். கடினமான தளத்தில் பட்டால் திரும்பி வரும். கண்ணாடி அணியாமல் யாரும் அறையில் நிற்க வேண்டாம்.

---

பக்கநெம்பு:

என் வோட்டு பழைய ஒற்றை அழுத்து மேட்ச் ரைஃபிளுக்கு. பக்கவாட்டு நெம்புகோலை ஒரு முறை திறந்து மூடினால் அந்த ஒரு சுடுதலுக்கான காற்று அடைபடும். சிலிண்டர், பம்ப், ரெகுலேட்டர் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே கொள்ளளவு, அதே அழுத்தம். உதை கிட்டத்தட்டப் பூஜ்யம். ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை, வால்தர் எல்ஜிஎம், ஒற்றை அழுத்து வடிவிலான அன்ஷூட்ஸ் 2002 எல்லாம் ஒரு காலத்தில் போட்டிக் களத்தில் முன்வரிசையில் இருந்தவை. பேரல் தேய்ந்துபோவதில்லை. ஈயம் மென்மையானது, வேகமும் குறைவு.

அதற்கும் முந்தைய தலைமுறையில் உதையில்லா ஸ்பிரிங் வகை உண்டு. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்-இல் விசை இழுத்ததும் இயந்திரப்பகுதி முழுவதும் தண்டவாளத்தில் பின்னால் சறுக்கும். உதை தோளுக்கு வராது. டயானா 75-இல் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றின் உதையை ஒன்று விழுங்கிக்கொள்ளும். அழகான பொறியியல். ஆனால் டயானாவின் பழைய பிஸ்டன் சீல்கள் வயதானால் பொடிந்துபோகும், மாற்றுவதும் எளிய வேலை அல்ல. சீல் மாற்றியாயிற்றா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

காற்றுக் கசிவு. ஒற்றை அழுத்து வகையில் நெம்பை மூடியதும் உடனே ஒரு குண்டு, பிறகு நெம்பை மூடி 2 நிமிடம் காத்திருந்து ஒரு குண்டு, இரண்டையும் க்ரோனோகிராஃபில் (குண்டின் வேகம் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். இரண்டாவது தெளிவாகக் குறைந்தால் வால்வோ சீலோ கசிகிறது. விற்பவரிடம் க்ரோனோகிராஃப் இல்லாவிட்டால் நீங்கள் கொண்டுபோங்கள்.

பின்வாய் சீல். பேரல் தொடங்கும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றை வைத்துச் சுடுங்கள். அது துள்ளினால் காற்று அங்கே வெளியேறுகிறது. மலிவான ரப்பர் வளையம்தான், பயப்பட வேண்டாம், விலையைக் குறைக்கக் காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

பேரலின் நுனி. துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை நுனியின் விளிம்பில் சுற்றுங்கள். எங்கேயாவது பஞ்சு சிக்கினால் அங்கே பிசிறு. பெல்லட் கடைசியாகத் தொடும் இடம் அது. ஒரு பக்கம் பிசிறிருந்தால் காற்றும் ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வெளியேறி பெல்லட்டைச் சாய்க்கும்.

சைட் (குறிபார்க்கும் கருவி) கூடவே வருகிறதா? பின்புற டயாப்டர் சைட் (சிறு துளை வழியே பார்ப்பது) இல்லாமல் "மலிவாக" விற்கும் ரைஃபிள் மலிவே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். 60 குண்டு சுட 60 முறை நெம்பு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் தோளிலிருந்து இறக்கி நிலையைக் கலைக்க வேண்டியிருக்கும். மெலிந்த கை உள்ளவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 30 குண்டுக்கு மேல் நடுக்கம் வந்துவிடும்.

---

இருநூறுபார்:

அந்தக் கடைசிப் பத்திக்காகத்தான் போட்டிக் களமே பிசிபிக்கு மாறியது. பக்கநெம்பு அவர்கள் அதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போகிறார் :) நிலையைக் கலைக்காமல் 60 குண்டு சுட முடிவது புதிதாகப் பழகுபவருக்குத்தான் அதிகம் உதவும்.

மேட்ச் பிசிபியின் சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். உள்ளே ரெகுலேட்டர் அதைக் குறைந்த, மாறாத அழுத்தமாக மாற்றி வால்வுக்குத் தருகிறது. ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, பிறகு இறங்கும். அது 10 மீட்டரில் எவ்வளவு பாதிக்கும்? 170 மீ/வி வேகத்தில் 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் சுமார் 18 மி.மீ. தாழ்கிறது. வேகம் 2 மீ/வி மாறினால் தாழ்வு 0.4 மி.மீ. மாறும். புள்ளியில் 0.1 முதல் 0.2. ஆக, வேகச் சீர்மை முக்கியம்தான், ஆனால் 3 மீ/வி வேறுபாட்டைப் பார்த்து ஒரு ரைஃபிளை ஒதுக்கத் தேவையில்லை. 25 மீட்டரில் சுடப் போகிறீர்கள் என்றால் அதே 2 மீ/வி சுமார் 3 மி.மீ. ஆகிவிடும், அங்கே கவலைப்படலாம்.

பழைய பிசிபி வாங்கினால் முதலில் சிலிண்டரில் பொறித்த தேதி. மேட்ச் ரைஃபிள் தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்குக் கொடுக்கும் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. தேதி தாண்டியதாக இருந்தால் புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். அடுத்து, நிரப்பி அளவியைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். அறை 10 டிகிரி குளிர்ந்தாலே 200 பார் 193 ஆகக் காட்டும், அது கசிவல்ல. அதற்கும் கீழே போனால் கசிவு.

ரெகுலேட்டர் பழுது இப்படித் தெரியும்: ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த ரைஃபிளின் முதல் ஒன்றிரண்டு குண்டுகள் மட்டும் வேகமாகப் போய் உயரமாக விழும், பிறகு சரியாகிவிடும். உள்ளே அழுத்தம் மெல்ல ஊர்ந்து ஏறியிருக்கிறது.

காற்று தவிர வேறு எதையும் நிரப்பக் கூடாது. ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவது வெடிவிபத்து. சாதாரண எண்ணெய், கிரீஸ் எதுவும் உயரழுத்தப் பகுதியில் படக் கூடாது, அதுவும் தீப்பிடிக்கும். கைப்பம்பால் நிரப்பினால் காற்றோடு ஈரப்பதமும் உள்ளே போகும். வடிகட்டி போட்டு, இடையிடையே நிறுத்தி ஆற விட்டு நிரப்புங்கள். நீர் உள்ளே தங்கினால் ரெகுலேட்டர்தான் முதலில் கெடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கார்பன் டை ஆக்சைடு மேட்ச் ரைஃபிள் பக்கம் போக வேண்டாம். 20 டிகிரியில் 57 பார் இருக்கும் அழுத்தம் 30 டிகிரியில் 72 ஆகிறது. காலையில் சரிசெய்த சைட் மதியம் பொய் சொல்லும்.

---

கருவட்டம்:

மிக்க நன்றி. டேப் ஒட்டி, உள்ளங்கையில் வைத்து, திருகுகளை இறுக்கிச் சுட்டதில் 25 என்பது 14 ஆகிவிட்டது. முன்பக்கத் திருகு ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

இன்னும் இரண்டு: ஸ்கோப் வேண்டுமா, டயாப்டர் வேண்டுமா? கடையில் ரைஃபிளைக் கையில் எடுத்ததும் எனக்குப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது? என் கை குட்டை.

---

டயாப்டர்:

நின்று சுடும் 10 மீட்டர் போட்டியின் விதியில் ஸ்கோப்புக்கு இடமில்லை. பின்னால் சிறு துளை, முன்னால் வளையம். அதனால் அதிலேயே பழகுங்கள். ரைஃபிளைச் சோதிக்க மட்டும் ஸ்கோப் நல்லது, கண்ணின் பிழையை விலக்கிவிடும்.

முன் வளையத்தின் அளவில் நிறைய பேர் தவறுகிறார்கள். சிறிய வளையம் துல்லியமாகக் காட்டும் என்று நினைத்து இறுக்கமாகப் போடுவார்கள். கணக்குப் போடுங்கள்: இலக்கின் கருவட்டம் 30.5 மி.மீ., தூரம் 10 மீட்டர். முன்சைட் உங்கள் கண்ணிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருந்தால் கருவட்டம் அங்கே 2.75 மி.மீ. அளவாகத் தெரியும். வளையம் 3 மி.மீ. என்றால் சுற்றி மயிரிழை வெள்ளைதான் மிஞ்சும். லேசாக ஆடியதும் கருப்பு வளையத்தில் ஒட்டிக்கொள்ளும், எந்தப் பக்கம் விலகியது என்று கண்ணுக்குப் புலப்படாது. 3.8 முதல் 4.2 வரை போட்டுப் பாருங்கள். ஆட்டம் அதிகமுள்ள புதியவருக்குப் பெரியதே நல்லது. பின்துளை 1.1 அல்லது 1.2 மி.மீ.யில் தொடங்கி, மங்கலானால் திறக்கவும்.

சாய்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரைஃபிளை 5 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் அந்த 18 மி.மீ. தாழ்வின் கணக்கில் குண்டு 1.6 மி.மீ. பக்கவாட்டில் போகும், 0.6 புள்ளி. சாய்த்துப் பிடிப்பது தவறில்லை, பலர் அப்படித்தான் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே சாய்வாக இருக்க வேண்டும், அவ்வளவே. முன்சைட்டில் பக்கக் கோடுள்ள வளையமோ சின்ன நீர்மட்டமோ இதற்கு உதவும்.

பொருத்தம் பார்க்கும் விதம்: கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். பின்துளை நேராகக் கண்ணெதிரே இருக்க வேண்டும். கழுத்தை நீட்டியோ கன்னத்தை அழுத்தியோ தேட வேண்டியிருந்தால் கன்னக்கட்டை உயரம் தப்பு. பின்தட்டைத் தோளில் வைத்து விசைமேல் விரல் வைத்தால் விரலின் முதல் கணுவுக்கு முன்பகுதி நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். விரல் நுனி எட்டி எட்டித் தொட்டால் உங்களுக்கு அது நீளம். கை குட்டை என்றீர்கள், ஆகவே பின்தட்டை உள்ளே தள்ளக்கூடிய, கன்னக்கட்டை ஏறி இறங்கும் ஸ்டாக் (ரைஃபிளைத் தாங்கும் உடற்கட்டை) கட்டாயம். மரமோ அலுமினியமோ, குண்டுக்கு அது தெரியாது. போட்டியில் எடை உச்சவரம்பு 5.5 கிலோ, ஆனால் அந்த வரம்பை எட்ட வேண்டும் என்றில்லை. 4 கிலோவில் தொடங்கி, உடம்பு பழகியதும் பேரலில் எடை சேர்த்துக்கொள்ளலாம்.

விசை இரு கட்டமாக இருக்கட்டும்: முதல் கட்டம் தளர்வாக ஓடி, ஒரு சுவரில் முட்டி நிற்க வேண்டும், அந்தச் சுவர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ரைஃபிள் போட்டியில் விசையை இழுக்கும் எடைக்குக் கீழ்வரம்பு இல்லை என்பதால் மேட்ச் விசைகளை 100 கிராம் சுமாருக்குக் குறைக்கலாம். இப்போதைய உங்கள் ஸ்பிரிங் ரைஃபிளின் விசை அதைப்போல் பத்து மடங்குகூட இருக்கும். நேரே அங்கே தாவாமல் 200-இல் தொடங்குங்கள். ஏர் பிஸ்டலுக்கு வேறு விதி, அங்கே 500 கிராமுக்குக் குறையக் கூடாது.

---

விசைவிரல்:

14 நல்ல முன்னேற்றம். விளம்பரத்து 5 மி.மீ. பற்றிய கேள்வி விட்டுப்போயிற்று.

எத்தனை குண்டு, எங்கிருந்து எங்கு அளந்தது, எத்தனை குரூப்பில் இது ஒன்று என்று சொல்லாத எண்ணை ஒதுக்கிவிடுங்கள். மூன்று குண்டுக் குரூப் எந்த ரைஃபிளிலும் எப்போதாவது அழகாக அமையும். நீங்கள் வாங்கப்போகும் ரைஃபிளை இப்படிச் சோதியுங்கள்: நல்ல கெட்டியான இலக்கு அட்டை, சாதாரணத் தாள் கிழியும். 20 குண்டு சுட்டுப் பேரலைப் பழக்கிவிட்டு, ஐந்து குண்டு வீதம் ஐந்து தனித்தனி இலக்குகள். எதையும் "அது என் தவறு" என்று விலக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு அளந்து 4.5 கழித்தால் மையத்திலிருந்து மையம் வந்துவிடும். ஐந்தின் சராசரியைப் பாருங்கள், ஆகச் சிறியதைப் பார்க்காதீர்கள். மேட்ச் ரைஃபிள் என்று விற்பது மேசையில் தாங்கி வைத்து 3 மி.மீ. சராசரியைத் தாண்டினால் பெல்லட் தலையளவை மாற்றிப் பாருங்கள். மூன்று அளவிலும் அதேதான் என்றால் விட்டுவிடுங்கள்.

குரூப் மேலும் கீழுமாக நீண்டால் வேகம் அல்லது மூச்சு. பக்கவாட்டில் நீண்டால் விசை விரல் அல்லது சாய்வு. நேர்க்குத்து நீளத்தில் க்ரோனோகிராஃப் சீராக இருந்தால் ரைஃபிளைக் குறை சொல்ல முடியாது.

பக்கநெம்பா, இருநூறுபாரா என்று கேட்டால்: காற்று நிரப்ப வழி பக்கத்தில் இருந்தால் பிசிபி. இல்லையென்றால் பழைய ஒற்றை அழுத்து. ஸ்பிரிங்கில்தான் இருப்பேன் என்றால் குறைந்த ஆற்றல் கொண்ட வைராவ்க் எச்டபிள்யூ 30எஸ் போன்றது, 7.5 ஜூல் வகையில் உதை அடங்கியே இருக்கும், விசையும் தரமானது. எதுவானாலும் தொகையில் ஒரு பங்கைப் பெல்லட்டுக்கு ஒதுக்கி வையுங்கள். வாரம் 200 குண்டு சுட்டால் 500 குண்டு டப்பா இரண்டரை வாரம்தான் வரும்.

---

கருவட்டம்:

வருகிற வாரம் ஒரு பழைய ஒற்றை அழுத்து ரைஃபிளைப் பார்க்கப் போகிறேன். க்ரோனோகிராஃப், பஞ்சுக் குச்சி, டிஷ்யூ, மூன்று தலையளவுப் பெல்லட் எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று.

---

பக்கநெம்பு:

குரூப் அளக்க வெர்னியர் காலிபரையும் போட்டுக்கொள்ளுங்கள். நெம்பு திறந்திருக்கும்போது பெல்லட் வைக்கையில் மறுகையால் நெம்பைப் பிடித்தே இருங்கள். பூட்டு தேய்ந்த பழைய ரைஃபிளில் அது திடீரென மூடினால் விரல் போய்விடும்.